மூன்று தீவுகளின் மின்திட்டம்: திருத்தும் ஆட்களையும் தீவிலேயே உருவாக்குங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்தொகுதிகளை அமைப்பதற்கான ஒப்பந்தம் இந்த மாதம், அதாவது 2024 மார்ச் 1ஆம் திகதி கைச்சாத்தான செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். அதற்குப் பிறகு வாசித்ததும் கேட்டதும் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன. முதலில் சீன நிறுவனத்துக்குப் போன இந்த வேலை இப்போது இந்தியாவிடம் வந்தது நல்லதா, கெட்டதா? தூதுவர்களும் அரசியல் ஆய்வாளர்களும் அதைப் பேசட்டும். நான் நெடுந்தீவில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து, ஓய்வு பெற்று, இங்கேயே இருக்கிறவள். அந்த மின்சாரத்தில் விளக்கு ஏற்றப் போகிறவர்களில் ஒருத்தியாக எனக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

முதலில் திட்டம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாட் காற்றாலை, 1,700 கிலோவாட் சூரியப்படல், 2,400 கிலோவாட் மணி சேமிக்கும் பட்டரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கி. இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் தருகிறது. இது கடன் இல்லை, முழுக்க நன்கொடை. வேலையைச் செய்யப் போவது பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம். இலங்கைப் பக்கத்தில் பொறுப்பு நிலைபேறான சக்தி அதிகாரசபைக்கு.

எங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது. இந்தத் தீவுகள் நாட்டின் பொது மின்வலையில் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொரு தீவிலும் டீசல் இயந்திரம் ஓடினால் வெளிச்சம், நின்றால் இருட்டு. அந்த டீசலும் கடல் தாண்டி வரவேண்டும். 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனபோது இங்கே படகுக்கு எண்ணெய் இல்லை, கடலுக்குப் போகிறவர்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை. மின்சாரம் இன்று இருக்குமா நாளை இருக்குமா என்பது தினமும் காலையில் கேட்கிற கேள்வியாக இருந்தது. தடுப்பூசி மருந்தை இரண்டு முதல் எட்டு பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி நின்றுவிட்டால் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, ஐஸ் கரைவதற்குள் மின்சாரம் வரவேண்டுமே என்று காத்திருக்க வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பரிசோதித்த அனுபவம் இந்தத் தீவில் வேலை செய்த எல்லாத் தாதிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் உண்டு.

காற்றும் வெயிலும் எங்களிடம் தாராளம். வைகாசியில் சோளகம் என்ற தென்மேல் காற்று தொடங்கினால் புரட்டாதி வரை ஓயாது. மாரியில் வாடை. இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று விழுந்துவிடும், ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒன்று குறையும்போது மற்றது கூடுகிற இடம் இது. பகலில் மிஞ்சுகிற மின்சாரம் பட்டரிக்குப் போய் முன்னிரவுக்கு உதவும், காற்றும் வெயிலும் இரண்டும் ஏமாற்றினால் டீசல் கைகொடுக்கும் என்பதுதான் திட்டத்தின் சூத்திரம். இந்தத் தீவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை யோசிப்பது கடினம். ஆகவே நான் திட்டத்தை எதிர்த்து எழுதவில்லை. அது நல்லபடி நடந்து, இருபது வருடம் ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதுகிறேன்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். இந்தத் திட்டம் முதலில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தது. கேள்விப்பத்திரம் கோரி, 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க அமைச்சரவை அனுமதித்தது. பெறுமதி ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டொலர். அடுத்த மாதமே இந்தியா ஆட்சேபித்தது. அதே வேலைக்கு நன்கொடை தருகிறோம் என்றும் சொன்னது. அந்த வருடம் முழுவதும் கோப்பு அசையவில்லை. 2021 டிசம்பர் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலை இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளில் சூரியமின் நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டது என்பதையும் அதே அறிவிப்பில் சொன்னது. அந்த மாதத்தில்தான் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி உடுத்து நல்லூருக்குப் போனார். 2022 மார்ச்சில் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது புரிந்துணர்வு ஒப்பந்தம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து இப்போது வேலைக்கான ஒப்பந்தம். ஆக, முதல் அமைச்சரவை அனுமதியிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஒரு கம்பம்கூட நடப்படவில்லை. இடையில் வந்ததுதான் 2022இன் எரிபொருள் பஞ்சம். முதல் திட்டம் தடங்கலில்லாமல் நடந்திருந்தால் அந்தப் பஞ்சத்தின் கடைசிப் பகுதியையாவது நாங்கள் வேறுவிதமாகக் கடந்திருப்போம் என்பது என் நம்பிக்கை.

இந்தியாவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் 50 கிலோமீட்டர் அளவில்தான். இரவில் அக்கரை வெளிச்சம் தெரிகிற இடத்தில் இருந்துகொண்டு, அந்தக் கவலை கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனதைப் பார்த்த எந்த அயல்நாடும் யோசிக்கத்தான் செய்யும். என் கோபம் கொழும்பின் மேல். அயல்நாட்டுக்கு இந்தக் கடலில் கவலை உண்டு என்பது கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னரே தெரியாதா? முன்னரே பேசி, எந்த நாட்டு நிறுவனங்கள் போட்டியிடலாம், எந்தக் கருவி இருக்கலாம், எது கூடாது, வெளிநாட்டு ஊழியர்கள் எத்தனை நாள் தங்கலாம் என்று எழுதி வைத்திருக்கலாம். எல்லாரையும் கூப்பிட்டு, ஒருவரைத் தெரிந்தெடுத்து, பிறகு அயலவர் முகம் சுளித்ததும் கோப்பைக் கிடப்பில் போடுவது வெளிநாட்டுக் கொள்கை ஆகாது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்திலும் இதேதான் நடந்தது. 2019இல் இந்தியா, ஜப்பானோடு கைச்சாத்து, 2021இல் கைவிடல். அங்கே அவதிப்பட்டது மூலதனம். இங்கே அவதிப்பட்டது ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டி.

சின்ன நாடு என்றால் இப்படித்தான் இழுபட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கூப்பன் கடை அரிசியைப் பற்றிப் பேசும்போது சீனாவோடு செய்த இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். 1952ஆம் வருடம். கொரிய யுத்த காலம். உலகச் சந்தையில் அரிசி தட்டுப்பாடு, விலை ஏற்றம். இறப்பர் விலையோ கீழே. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தும் தோதான விலை கிடைக்கவில்லை. டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் கம்யூனிசத்தை விரும்பாத அரசாங்கம். சீனாவோடு அப்போது தூதரக உறவுகூட இல்லை, அது 1957இல்தான் வந்தது. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீகிங்குக்குப் போய், வருடத்துக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்று ஐந்து வருடத்துக்குப் பேசி முடித்தார். இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடிய விலை கிடைத்தது. யுத்தப் பொருளைச் சீனாவுக்கு விற்றதற்காக அமெரிக்க உதவி சில வருடம் நின்றது. அது தெரிந்தும் செய்தார்கள். ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. எங்களுக்கு என்ன வேண்டும், எதைக் கொடுக்க முடியும், அதற்கு என்ன விலை கொடுக்கத் தயார் என்று முன்னரே தெரிந்துகொண்டு போன பேச்சு அது. மூன்று தீவுகளின் விடயத்தில் அந்த ஆயத்தம் இல்லை.

சரி, அது கொழும்பின் குறை. இனி நடக்கப் போவதைப் பற்றிப் பேசுவோம்.

வெளிநாட்டு உதவியில் வந்த பொருட்கள் இங்கே எப்படி முடிகின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு ஒரு இடத்தில் சூரியசக்தியில் ஓடும் தண்ணீர்ப் பம்பு ஒன்றைப் பொருத்தினார்கள். எந்த நாடு, எந்த அமைப்பு என்று நான் சொல்லப் போவதில்லை, அவர்கள் நல்ல மனத்தோடுதான் தந்தார்கள். திறப்பு விழா, நாடா வெட்டு, பெயர்ப்பலகை எல்லாம் நடந்தது. கொஞ்சக் காலம் நன்றாக ஓடியது. பிறகு உப்புக் காற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஏதோ ஒரு சின்னப் பாகம் அரித்துப் போனது. அந்தப் பாகம் யாழ்ப்பாணத்தில் இல்லை. கொழும்பில் கேட்டால் அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றார்கள். தந்தவர்களுக்கு எழுதினால், திட்டக் காலம் முடிந்துவிட்டது, உரிய திணைக்களத்திடம் கையளித்துவிட்டோம் என்று பதில். திணைக்களமோ தங்களிடம் அதற்கு நிதி இல்லை என்றது. பெண்கள் மறுபடி குடத்தோடு தூரக் கிணற்றுக்கு நடந்தார்கள். அந்தப் படல்கள் பழுதாகவே இல்லை, வெயில் பட்டால் மின்சாரம் தரும் நிலையில்தான் இருந்தன. பழுதானது கைக்குள் அடங்குகிற ஒரு பாகம். அதை மாற்றத் தெரிந்த ஒருவரும், வாங்க ஒரு சின்னத் தொகையும் தீவில் இருந்திருந்தால் போதும்.

இப்போது வருவது அதைப்போல எத்தனையோ மடங்கு பெரியது. இந்தக் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது இங்கே சைக்கிள் வைத்திருக்கிற பிள்ளைக்கும் தெரியும். பட்டரிக்கு ஆயுள் உண்டு, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றவேண்டி வரும். அந்தச் செலவு மட்டும் பெரிய தொகை. அதை யார் கொடுப்பார்கள்? காற்றாலையில் ஒரு பாகம் போனால் அதைக் கழற்றத் தெரிந்தவர் எங்கே இருப்பார்? நெடுந்தீவிலா, யாழ்ப்பாணத்திலா, கொழும்பிலா, பெங்களூரிலா? சோளகம் அடிக்கும் நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு வருவதே அந்தந்த நாளின் கடலைப் பொறுத்தது. அன்றைக்கு ஒரு திருத்துநர் வரமுடியாது. இவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கலாம். எழுதப்பட்டிருந்தால் அந்தப் பகுதியைத் தமிழில் மூன்று பிரதேசத்து மக்களுக்கும் வெளியிடுங்கள் என்பதே என் முதல் கோரிக்கை. இது பொதுப் பணத்தில் பொது மக்களுக்காக வருகிற திட்டம். கொழும்பில் ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு கோப்பு எங்களுக்குப் பயன்படாது.

இந்திய உதவி என்றால் எல்லாம் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக நடந்ததற்கும் உதாரணம் கையிலேயே இருக்கிறது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இந்தியா வண்டிகளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளை ஹைதராபாத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், தொலைபேசியை எடுத்துப் பேசுவதிலிருந்து வண்டிக்குள் நோயாளியைப் பார்ப்பது வரை. பிறகு 2018இல் இலங்கைப் பாராளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றி ஒரு மன்றத்தை அமைத்தது. இப்போது அதை நடத்துவது இலங்கைப் பணம், ஓட்டுவது இலங்கைப் பிள்ளைகள். வேறு எந்த வெளிநாட்டு உதவியைப் பற்றியும் மூன்று இனத்து மக்களும் ஒரே மாதிரி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

இந்திய வீட்டுத்திட்டமும் அப்படியே. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகள். வடக்கு கிழக்கில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே கட்டம் கட்டமாக வந்தது. வன்னியில் என் தங்கை கட்டினாள். மேசனை அவளே பிடித்தாள், கதவு எந்தப் பக்கம் என்பதை அவளே தீர்மானித்தாள், கல்லரியும் இடத்தில் நின்று கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கினாள். பணம் போதவில்லை, சீமெந்து விலை ஏறியது, நகையை அடகு வைத்தாள். ஆள் தெரிவில் ஊரில் மனக்கசப்பும் வந்தது. அதெல்லாம் உண்மை. ஆனாலும் அந்த வீட்டில் எது எங்கே உடைந்தாலும் அவளுக்குத் திருத்தத் தெரியும், ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். சில வருடத்துக்கு முன்னர் வேறொரு திட்டத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இரும்பு வீடுகளை வடக்கு கிழக்குக்குக் கொண்டுவரப் பார்த்தபோது மக்கள் வேண்டாம் என்றதும் இந்தக் காரணத்தால்தான்.

ரயில் பாதை வேறு வகை. இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் போட்டது. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு வந்த நாளில் நானும் அழுதவர்களில் ஒருத்தி. ஆனால் கடன் கடன்தான். இந்தியாவின் எக்சிம் வங்கி (ஏற்றுமதி – இறக்குமதி வங்கி) தரும் கடன்களில் பொதுவாக முக்கால் பங்கு பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்கவேண்டும். சீனாவின் எக்சிம் வங்கியும் தன் பங்குக்கு அப்படி ஒரு நிபந்தனை வைக்கிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு அந்த வங்கி 2007இல் கொடுத்த 30 கோடியே 70 இலட்சம் டொலருக்கு வட்டி நூற்றுக்கு 6.3. வளர்ந்துவரும் பொருளாதார வல்லரசுகள் இப்படித்தான் உதவுகின்றன. தங்கள் நிறுவனங்களுக்கு வேலை, தங்கள் பொருளுக்குச் சந்தை, பக்கத்திலே ஒரு நட்பு. மேற்கு நாடுகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தன. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர்களுடைய தேவை என்னவென்று அவர்களுக்குத் தெரிகிறது, எங்கள் தேவையை நாங்கள்தான் சொல்லவேண்டும்.

அதனால் என் இரண்டாவது கோரிக்கை ஆட்களைப் பற்றியது. ஒவ்வொரு தீவிலிருந்தும் சில இளைஞர்களையும் யுவதிகளையும் இப்போதே தெரிந்தெடுங்கள். வேலை முடிந்த பிறகு வேண்டாம். கம்பம் நடும்போதே அவர்கள் கூட நிற்க வேண்டும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்தியா 1964இலிருந்து ஐடெக் என்ற திட்டத்தில் வளரும் நாடுகளின் ஆட்களைத் தன் செலவில் அழைத்துப் பயிற்சி கொடுத்து வருகிறது. காற்றுமின்சாரத்துக்கான அவர்களுடைய தேசிய நிறுவனம் வேறு எங்கும் இல்லை, சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. வெளிநாட்டவர்களுக்கு அங்கே பயிற்சி நெறிகள் நடக்கின்றன. தமிழ் பேசும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? இராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரிலுள்ள கல்லூரியில், ஆபிரிக்கக் கிராமங்களிலிருந்து எழுத வாசிக்க அதிகம் தெரியாத பெண்களை ஐடெக் செலவில் அழைத்து, ஆறு மாதத்தில் சூரிய விளக்குத் தொகுதிகளைப் பொருத்தவும் திருத்தவும் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பேரப்பிள்ளை கண்டவர்களும் அவர்களில் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்பதையே பெரிய தகுதியாகப் பார்த்தார்களாம். நெடுந்தீவுக்கு அது அப்படியே பொருந்தும். இங்கே சாதாரண தரம் சித்தியடைந்த பையன் அடுத்த படகில் கொழும்புக்கோ கனடாவுக்கோ போக வழி தேடுவான். பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்கிற தாய் போகமாட்டாள். கணவனைக் கடலிலும் யுத்தத்திலும் இழந்து குடும்பத்தைத் தனியே நடத்தும் பெண்கள் இந்தத் தீவுகளில் குறைவில்லை. அவர்களுக்குக் கோழிக்குஞ்சும் தையல் மெஷினும் கொடுத்தது போதும். இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதற்கும் இந்தியா உதவியது. அங்குள்ள மாணவர்கள் இறுதி வருட ஆய்வுக்கு இந்தத் தீவுகளுக்கு வரட்டும். எழுவைதீவில் இதே மாதிரிக் கலப்பு மின்தொகுதி ஒன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சின்ன அளவில் ஏற்கெனவே அமைக்கப்பட்டது. அதில் எது ஒழுங்காக ஓடியது, எது அடிக்கடி பழுதானது, உப்புக் காற்று எதை முதலில் தின்றது என்று அந்த மாணவர்கள் போய்ப் பார்த்து எழுதினாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, பணம். டீசலில் மின்சாரம் எடுப்பது மின்சார சபைக்கு நட்டம். தீவில் உண்டாக்க ஆகும் செலவு எங்களிடம் வாங்கும் கட்டணத்தைவிட எத்தனையோ மடங்கு. புதிய தொகுதி வந்தால் டீசல் செலவு குறையும், சபைக்கு ஒவ்வொரு மாதமும் பணம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, பட்டரி மாற்றவும் உதிரிப்பாகம் வாங்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். அந்தக் கணக்கைப் பிரதேச செயலகத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பகிரங்கமாக வாசியுங்கள். பட்டரி ஆயுள் முடிகிற நாளில் இன்னொரு நாட்டிடம் கையேந்திப் போகவேண்டி வராது.

மின்சாரம் வந்தால் அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். மீன்பிடிதான் எங்கள் சீவியம். பிடிக்கிற மீனுக்கு ஐஸ் வேண்டும், அது பெரும்பாலும் அக்கரையிலிருந்து வரவேண்டும். படகு ஓடாத நாளில் மீனை வந்த விலைக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவாடு போட வேண்டும். பகல் வெயிலில் மிஞ்சும் மின்சாரத்தில் ஒரு சின்ன ஐஸ் ஆலை ஓடினால் அது நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வருமானம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் குவியும்போது மின்தேவை ஒரேயடியாக ஏறும், அதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

மீன்பிடி என்றதும் இழுவைப் படகைச் சொல்லாமல் விடமுடியாது. தமிழ்நாட்டு மக்களோடு எங்களுக்குக் கோபமில்லை. 2022இல் நாங்கள் பட்டினியை நெருங்கிய நேரத்தில் தமிழ்நாட்டிலிருந்து 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் வந்தன. அந்தப் பால்மாவைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அதே கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இரவில் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, கடலின் அடியை வாரிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்தியாவும் அதே வருடம் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது நினைத்த வேகத்தில் போகவில்லை. டெல்லியில் மின்சாரம் ஒரு மேசையிலும் மீன்பிடி இன்னொரு மேசையிலும் இருக்கலாம். இங்கே இரண்டும் ஒரே வீட்டுக்குள் வருகின்றன. இந்தியா தரும் மின்சாரத்தில் ஐஸ் செய்து, இந்தியப் படகு அறுத்த வலையை வைத்துக்கொண்டு எதைக் குளிரூட்டுவது? உயர்ஸ்தானிகர் இந்தத் திட்டத்துக்காகத் தீவுக்கு வரும் நாளில் இரண்டையும் சேர்த்தே அவரிடம் சொல்ல வேண்டும்.

மாலைதீவில் இந்த மாதம் நடப்பதையும் பார்க்கிறேன். தூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிச் செல்ல இந்தியா கொடுத்த ஹெலிகொப்டர்களும் ஒரு விமானமும் அங்கே இருக்கின்றன. அவற்றை இயக்கிய இந்திய இராணுவத்தினர் புதிய ஜனாதிபதியின் கோரிக்கையால் வெளியேறத் தொடங்கியிருக்கிறார்கள், பதிலுக்கு இந்தியாவிலிருந்தே சிவில் தொழில்நுட்ப ஆட்கள் வருகிறார்கள். அந்த அரசியலில் எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. என் கண்ணுக்குப் படுவது வேறு. இத்தனை வருடத்தில் அந்த இயந்திரங்களை முழுதாகப் பொறுப்பேற்க மாலைதீவுப் பிள்ளைகள் போதிய அளவில் உருவாகியிருந்தால், ஆட்சி மாறும்போது கடுமையான நோயாளி ஒருவரின் குடும்பம் பயப்பட வேண்டியிருக்காது. கொழும்பிலும் டெல்லியிலும் ஆட்சிகள் மாறும். எங்கள் காற்றாலை சுற்றுவது அதைப் பொறுத்திருக்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை யாழ். மாவட்ட அரசாங்க அதிபருக்கும் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்துக்கும் பிரதி அனுப்பியிருக்கிறேன். நான் கேட்பது உடனடியாக ஒன்றுதான். சோளகம் தொடங்க இன்னும் இரண்டு மாதம் வரை இருக்கிறது. அதற்குப் பிறகு கடல் கொந்தளிக்கும், வெளியூர் அதிகாரிகள் வருவதும் கஷ்டம். அதற்குள் நெடுந்தீவில் ஒரு கூட்டம் வையுங்கள். சக்தி அதிகாரசபையும் மின்சார சபையும் ஒப்பந்த நிறுவனமும் வந்து, பராமரிப்பு, பயிற்சி, உதிரிப்பாகம் ஆகியவற்றைப் பற்றி எங்கள் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லட்டும். மீனவர் சங்கத்தையும் மாதர் சங்கத்தையும் கூட்டி வருவது என் பொறுப்பு. கூட்டத்தின் திகதியை மட்டும் ஒரு வாரத்துக்கு முன்னர் சொல்லிவிடுங்கள், நயினாதீவிலிருந்தும் அனலைதீவிலிருந்தும் வருகிறவர்களுக்குப் படகு ஒழுங்கு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
நெடுந்தீவு.
மார்ச் 2024